காசிராஜனின் நாற்பத்தொரு விழுக்காடு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குரங்கணிக்கு மேலே மலைச்சரிவு இறங்கி ஜீப்புப் பாதையை விழுங்கியபோது, ஏலத்தோட்டத்துக் கங்காணி காசிராஜனின் செல்போனில் நாற்பத்தொரு விழுக்காடு சார்ஜ் இருந்தது. அதே சரிவில் மின்கம்பங்கள் இரண்டு சாய்ந்தன. காய் உலர்த்தும் ஸ்டோருக்காகச் சில மணி நேரம் உழைத்த ஜெனரேட்டரும் டீசல் தீர்ந்து அடங்கியது. டீசல் ஏற்றிவர வேண்டிய ஜீப்பு சரிவுக்குக் கீழே நின்றது. அதை ஓட்ட வேண்டிய சுருளியோ சரிவுக்கு மேலே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தான்.

மற்றவர்களுக்கு இது ஆண்டுதோறும் மழை கொண்டுவரும் தொல்லை. காசிராஜனுக்கு அப்படியன்று. கீழே ராசிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர் தங்கை சந்திரவல்லி, தன் இளைய மகள் முத்துப்பிரியாவுக்குக் காது குத்த அம்மனிடம் உத்தரவு கேட்டுக் காத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் நாள் குறிப்பது பஞ்சாங்கம் அன்று, பூ. குலதெய்வக் கோயிலில் செவ்வாயும் வெள்ளியும் வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் பொறுத்திருக்க வேண்டும். வெள்ளை வந்தால் மூன்றாம் நாள் காலையில், தாய்மாமன் மடியில் பிள்ளையை அமர்த்திக் காது குத்தியாக வேண்டும்.

மூன்று வாரமாக அம்மன் சிவப்பையே தந்துகொண்டிருந்தாள். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் பருவத்தில் முதலாளி கங்காணிக்கு அளித்திருந்த விடுப்பு இரண்டே நாள். எந்த இரண்டு நாள் என்பது அம்மனின் திருவுளம். அது வெளிப்பட்டவுடன் தங்கை போனில் அழைக்க வேண்டும். அண்ணன் எடுக்க வேண்டும். நாற்பத்தொரு விழுக்காட்டின் மீது இத்தனை பாரம் ஏறியிருந்தது.

அதற்கு ஒரு முன்கதையும் உண்டு. மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது காசிராஜனின் போன் சார்ஜ் இன்றி அணைந்து கிடந்தது. அவர் வரவில்லை. சித்தப்பா மகன் ராஜாராம்தான் மடி கொடுத்தான். அவன் போடியில் செல்போன் கடை நடத்துகிறவன். அவனுடைய போன் அணைந்து கண்டவர் ஒருவரும் இலர். அவன் மடியில் மூத்தவள் அழுதுகொண்டிருக்கும் புகைப்படம் ஆறு ஆண்டுகளாகச் சந்திரவல்லி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. போன மாதம் காசிராஜன் கம்மல் கொடுக்கப் போயிருந்தபோது அவள் அந்தப் படத்தைக் காட்டி, "இந்தத் தடவையும் நீ வரலேன்னு வையி, எம் பிள்ளைகளுக்கு மாமன் ராஜாராம்தான்னு நானே ஊருக்குச் சொல்லிருவேன்" என்றாள். சொன்னதைச் செய்கிறவள் அவள்.

திங்கட்கிழமை விடிந்ததும் காசிராஜன் டவர்ப் பாறைக்குப் போனார். தோட்டத்தின் விளிம்பில் நீண்டு நிற்கும் அந்தப் பாறையில்தான் போனுக்கு உயிர் வரும். சுருளி முன்பே அங்கு அமர்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"எத்தனண்ணே இருக்கு?"

"முப்பத்தொம்போது. நான் தொடவே இல்லப்பா. தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டு போயிருச்சு."

"நீங்க தூங்குனீக. அது தூங்குச்சா? கொண்டாங்க இங்கிட்டு."

"ஒம் போன்ல எத்தன இருக்கு?"

"அது நேத்து மத்தியானமே போயிருச்சு. படம் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

"அப்ப நீ எனக்கு வைத்தியம் பாக்குறியாக்கும்."

"வைத்தியனுக்குச் சளி பிடிக்காதாண்ணே? கொண்டாங்க."

சரிவைத் தாண்டிப் போனாலும் ஜீப்பில் சார்ஜ் ஏற்றும் வழி இல்லாதிருந்தது. அதற்கென்று இருந்த துளையில் சுருளி பல ஆண்டுகளுக்கு முன்பே திருநீற்றுப் பொட்டலத்தைச் செருகி வைத்திருந்தான். வண்டிக்கு அதுதான் காவல் என்பது அவன் கொள்கை. ஆகவே இருப்பதைக் காப்பதொன்றே நெறி என்று முடிவாயிற்று. பாறையின் மேல், முகில் காலடியில் தவழ, காசிராஜனின் செல்போன் துறவறம் புகத் தொடங்கியது.

முதலில் திரையின் ஒளியைக் குறைத்தான் சுருளி. எழுத்துக்கள் அந்திப்பொழுதில் தெரியும் ஆட்கள் போல ஆயின. அதிர்வை நிறுத்தினான். இருப்பிடம் காட்டுவதை நிறுத்தினான். "நாம எங்க இருக்கம்னு நமக்குத் தெரியும், அதுக்கு எதுக்குத் தெரியணும்" என்றான். புளூடூத்தையும் வைஃபையையும் அடக்கினான். பின்னால் ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்த செயலிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டான். பஞ்சாங்கம் ஓடிக்கொண்டிருந்தது, தங்கவிலை ஓடிக்கொண்டிருந்தது, காசிராஜன் எந்நாளும் கண்டிராத ஏதோ ஒரு மிட்டாய் விளையாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பற்றுக்கள் இத்தனையா ஒருவன் அறியாமல் அவனைத் தின்னும் என்று காசிராஜன் வியந்தார். பிறகு சுருளியின் விரல் திரையின் முகப்புப் படத்தின் மேல் வந்து நின்றது.

"இதாருண்ணே?"

"பாத்தாத் தெரியலையா? முருகன்."

"அது தெரியுது. மயிலு தோகைய விரிக்குது, மூடுது, மறுபடி விரிக்குது. ராப்பகலா இதே சோலியா இருந்தா சார்ஜ் எங்கிட்டு நிக்கும்? சாமி அசையாம நிக்கணும்ணே."

"கோயில்ல அசையாமத்தான் நிக்கிறாரு. இங்கயாச்சும் ஆடட்டுமேன்னுதான் வச்சேன்."

"அவரு ஆடுறதுக்குத்தான் பத்துப் பெர்சண்டு போகுது."

காசிராஜன் நெடுநேரம் தயங்கினார். தோட்டத்துச் சிறு கோயிலில் நாள்தோறும் விடியலில் நின்று பதிகம் பாடுகிறவர் அவர். முப்பது ஆண்டாக ஒரு நாளும் தவறியதில்லை. கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டார். "அப்பா, பிள்ளைக்குக் காது குத்தி முடியட்டும். திரும்ப எழுந்தருளப் பண்ணிர்றேன்" என்று முணுமுணுத்தார். சுருளி விரலை அழுத்தினான். மயிலும் வேலும் மறைந்து, திரை கார்த்திகை மாதத்து வானம் போல் கறுத்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான் சுருளி. "இதான் பெரிய திருடன். இந்த மலையில ஒரு நிமிசம் கேரளா டவரு கிடைக்கும், மறு நிமிசம் தமிழ்நாட்டு டவரு கிடைக்கும், அப்பறம் ரெண்டும் கிடைக்காது. போனு பாவம், தேடித் தேடியே சாகுது. இந்தா, இந்தப் படத்தத் தொட்டா தேடுறது நின்னுரும்."

மேலே சிறியதாக ஒரு விமானத்தின் குறி ஒளிர்ந்தது. கூடவே, டவரைக் காட்டும் கோடுகள் மறைந்தன.

"தேடாட்டி போன் எப்பிடிப்பா வரும்?"

தெரியாது என்று சொல்லும் வழக்கம் சுருளியிடம் இல்லை. "நாம டவரத் தேடலேன்னா என்னண்ணே? டவரு நம்மளத் தேடும்ல."

வேறு எவரிடம் சொல்லியிருந்தாலும் இந்த விளக்கம் நகைப்புக்கு இடமாகியிருக்கும். காசிராஜனிடம் அது நேராக நெஞ்சில் இறங்கியது. தேடி அலைந்தவர்க்கு எட்டாத பரம்பொருள், ஐம்புலனும் அடங்கி ஓரிடத்தில் இருந்தவனைத் தானே தேடி வந்து ஆட்கொண்ட வரலாறுகள் அவருக்கு எத்தனையோ தெரியும். அவற்றை நாள்தோறும் கண்ணீர் மல்கப் பாடுகிறவர், டவர் மட்டும் அந்த அருள்நெறிக்கு மாறாக நடக்கும் என்று எண்ண எந்தக் காரணமும் காணவில்லை.

"அதுவும் சரிதான்" என்றார்.

அந்தத் தவத்தின் பயன் உடனே தெரிந்தது. திங்கள் மாலை முப்பத்தெட்டு. செவ்வாய்க் காலையிலும் முப்பத்தெட்டு. லயத்தில் மற்றப் போன்கள் ஒவ்வொன்றாகக் கண்மூடின. செவ்வாய்க்கிழமை உச்சியில் காசிராஜனுடையது மட்டுமே திரை ஒளிரும் போனாக எஞ்சியது. காய் எடுக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைப் பார்க்க வந்தார்கள். அவர் துணிப்பையின் முடிச்சை அவிழ்த்து, கால் நிமிடம் காட்டிவிட்டு, மீண்டும் முடிந்துகொள்வார்.

பொன்னுமணியும் வந்து பார்த்தாள். அவளும் ராசிங்காபுரத்துக்காரிதான், அவளுடைய தாய்வீடு சந்திரவல்லி வீட்டுக்கு அடுத்த தெரு. அவளிடம் பொத்தான் போன் ஒன்று இருந்தது. தாயின் நலம் கேட்பதற்காகக் காலையில் மட்டும் அதைத் திறந்து, பேசி முடித்ததும் அணைத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். விழுக்காடு எத்தனை என்று காட்டும் அறிவு அந்தப் போனுக்கு இல்லாததால் ஒருவரும் அதைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

"என்னண்ணே, கறுப்பா இருக்கு. செத்துப் போச்சா?"

"சாகல. அடங்கியிருக்கு."

"யாராச்சும் கூப்புட்டாகளா?"

"இன்னிக்குத்தான் பூக் கேப்பாக. வெள்ள வந்தா வல்லி கூப்புடுவா."

செவ்வாய் மாலை கூப்பிடவில்லை. புதன் காலை பாறையில் இரண்டு மணி நேரம் நின்றார்; கூப்பிடவில்லை. அன்று மாலை கொட்டும் மழையில் தலைக்குமேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் மோனத்தில் இருந்தது. மறுபடியும் சிவப்புதான் வந்திருக்கிறது என்று தெளிந்து, பாதை சீராகும்வரை பொறுத்தருளிய அம்மனை அவர் கீழ்த்திசை நோக்கிக் கும்பிட்டார். சார்ஜ் முப்பத்தாறு.

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குப் பாறையில் மூவர் இருந்தனர். காசிராஜன் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுருளி பல் துலக்கிக்கொண்டிருந்தான். பொன்னுமணி தன் போனைத் திறந்தாள். திறந்த அரை நிமிடத்தில் அது மலையே கேட்கும்படி அலறியது.

"ஆரு? சந்திரவல்லி அக்காவா? எங்கம்மாகிட்ட நம்பர் வாங்குனீகளா? ... இருக்காகக்கா. நல்லாத்தான் இருக்காக. இந்தா, முன்னாடிதான் நிக்கிறாக." அவள் போனை நீட்டினாள். "ஒங்க தங்கச்சிண்ணே. நீங்க உசுரோட இருக்கீகளான்னு கேக்குது."

காசிராஜன் வாங்கிக் காதில் வைத்தார். "வல்லி, நாந்தான். என்ன, நீ போனே பண்ணல?"

மறுமுனையில் அவள் குரல் உயர்ந்தது.

"நான் பண்ணலையா? செவ்வாக்கெழம சாயந்தரத்துலருந்து நாப்பது தடவ பண்ணியாச்சு. ஒருத்தி தமிழ்ல சொல்றா நீ இல்லன்னு. இன்னொருத்தி மலையாளத்துல சொல்றா. மலை சரிஞ்சு கிடக்குன்னு வேற சொல்றாக. நான் என்னன்னு நெனைக்கிறது?"

"எதுக்கு ஆத்தா, செகப்புப் பூதான..."

"வெள்ளண்ணே. வெள்ளப் பூ. இன்னிக்குப் பத்தரைக்குள்ள குத்தணும். ராஜாராம் நேத்தே வந்துட்டான், பட்டு வேட்டியோட." அவள் குரல் இறங்கியது. "நீ இருக்கிறியே, அது போதும். வர முடிஞ்சா வா." வைத்துவிட்டாள்.

காசிராஜன் இரு கைகளிலும் இரு போன்களோடு நின்றார். பொன்னுமணி தன்னுடையதை மெல்ல வாங்கிக்கொண்டு, அவருடையதை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, மேல குருவி மாதிரி ஒண்ணு தெரியுதே. அது என்ன?"

"குருவி இல்ல, ஏரோபிளேனு" என்றான் சுருளி.

"அது எதுக்கு?"

"பிளேன்ல போறவுக வைக்கிறது. மேல பறக்கும்போது ஒரு பய கூப்புட முடியாதபடிக்கு..." சுருளியின் குரல் அங்கேயே நின்றது. பல்பொடி வாயோரம் வழிந்தது.

"டவரு நம்மளத் தேடும்னு சொன்னியேப்பா" என்றார் காசிராஜன்.

"தேடிருக்கும்ணே. நாமதான் கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தோம்."

திட்டுவதற்கு நேரம் இல்லை. காசிராஜன் முழங்கால் வரை மடித்துக் கட்டிய வேட்டியோடும் தோட்டத்துச் செருப்போடும் கீழே ஓடினார். வாய் கொப்பளிக்காத சுருளி பின்னால் ஓடினான். விமானக் குறியை அவர் ஓடியபடியே நீக்கியிருந்தார். மூன்று நாள் அழைப்புகளின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மடியில் மணியடித்தன. ஒவ்வொரு மணிக்கும் அவர் "வர்றேன் ஆத்தா, வர்றேன்" என்றார்.

சரிவை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாதை இருந்த இடத்தில் செம்மண்ணும் பாறையும் வேரோடு சாய்ந்த மரங்களும் கிடந்தன. நடந்து கடக்க முடியாது என்று கண்ட காசிராஜன், உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினார். பாதி தூரத்தில் செருப்பு ஒன்று அவரைவிட விரைந்து சென்று மறைந்தது. அடியை எட்டியபோது அவருடைய வேட்டிக்கும் மலைக்கும் நிறவேறுபாடு இல்லை; கால்களில் அட்டைகள் ஏழோ எட்டோ குடித்துக்கொண்டிருந்தன.

ஜீப்பு அங்கே நின்றிருந்தது. சுருளி ஏறிச் சாவியைத் திருப்பினான். வண்டி ஒரு முறை இருமிவிட்டு அமைதியாயிற்று.

"மழையில நாலு நாளு நின்னுச்சுல்ல. பாட்டரி எறங்கிப் போச்சு" என்றான். "தள்ளுங்கண்ணே."

"இதுலயும் எதையாச்சும் தொட்டு வச்சியா?"

"சத்தியமா இல்ல."

காசிராஜன் தள்ளினார். பாதை இறக்கமானது என்பதால் மலை அவருக்கு உதவியது. குரங்கணியின் முதல் வீடுகள் தெரியும் இடத்தில் ஜீப்பு உறுமி உயிர்பெற்றது. நின்றால் மறுபடி அணைந்துவிடும் என்பதால் சுருளி நிறுத்தவில்லை. காசிராஜன் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடி, ஊர் பார்த்திருக்கத் தொற்றி ஏறினார். போடிக் கடைத்தெருவிலும் நிற்காமல் போக வேண்டியிருந்தது. சுருளி ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமலே ராசிங்காபுரம் வரை வந்து சேர்ந்தான்.

கோயில் வாசலை அடைந்தபோது மணி பத்து பத்து. ஜீப்பின் முழக்கத்தையும் மீறி உள்ளிருந்து குழந்தையின் அழுகை ஒன்று கிளம்பியது.

அம்மன் முன்னால் பட்டு வேட்டியில் ராஜாராம் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான். அவன் மடியில் மொட்டைத்தலையும் சந்தனமுமாக மூன்று வயது முத்துப்பிரியா, வலது காதில் புதுக் கம்மலோடு வீறிட்டுக்கொண்டிருந்தாள். காது குத்தும் பத்தர் இடது காதுக்கு ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடியிருந்தவர்கள் திரும்பி, தலைமுதல் கால்வரை செம்மண் பூசி, காலில் குருதி ஒழுக நின்ற உருவத்தைப் பார்த்து வழிவிட்டார்கள்.

"வந்துட்டியா" என்றாள் சந்திரவல்லி.

"அண்ணே, ஒரு நிமிசத்துல விட்டுட்டீகளே" என்றான் ராஜாராம். "அக்கா முடிஞ்ச மட்டும் இழுத்துப் பாத்துச்சு. பத்தருக்கு மூணு தடவ காப்பி குடுத்துச்சு. கம்மலக் காணோம்னு ஒரு மணி நேரம் எங்க எல்லாரையும் தரையத் தடவ விட்டுச்சு. கம்மலு அது முந்தானையில முடிஞ்சு கிடந்துச்சு. நான் பாத்துட்டேன், பேசாமத் தடவிக்கிட்டிருந்தேன்."

"ஒன்ன இப்ப யாரு கேட்டா?" என்றாள் சந்திரவல்லி.

காசிராஜன் குழாயடியில் கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மடியிலிருந்த போனை என்ன செய்வதென்று தெரியாமல் ராஜாராமிடம் நீட்டினார். தொழில்முறைப் பழக்கத்தால் அவன் கண் முதலில் மேல் மூலைக்குப் போயிற்று.

"முப்பத்தொண்ணு இருக்கே. கரண்டு போயி எத்தன நாளாச்சு?"

"அஞ்சாவது நாளு. போகும்போது நாப்பத்தொண்ணு இருந்துச்சு."

"நாப்பத வச்சு அஞ்சு நாளா? கம்பெனிக்காரனே நம்ப மாட்டான்ணே. என்னதான் பண்ணுனீக?"

"அந்தப் போனையே மனையில உக்கார வச்சுக் காது குத்துங்க" என்றாள் சந்திரவல்லி. "நாப்பது தடவ கூப்புட்டப்ப ஒரு தடவ எடுக்க வக்கில்ல. சார்ஜ மட்டும் பொத்திப் பொத்திக் காப்பாத்தியிருக்காரு, எங்கண்ணன்." பிறகு, அதே மூச்சில், "எந்திரி ராஜாராம்" என்றாள்.

ராஜாராம் பூசாரியைப் பார்த்தான். பூசாரி அம்மனைப் பார்த்தார். இரண்டு காதும் ஒரே மடியில்தான் குத்த வேண்டுமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை போலும். மறுப்புச் சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "நேரம் இருக்கு. வெரசா ஆகட்டும்" என்றார்.

ராஜாராம் குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எழுந்தான். காசிராஜன் அந்த இடத்தில் ஈர வேட்டியோடு அமர்ந்தார். முத்துப்பிரியா புதிய மடியைப் பார்த்தாள். பத்தர் கையைப் பார்த்தாள். முதல் காதின்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது எல்லாம் தெரியும். உடலை வில்லாக வளைத்துத் துள்ளினாள். காசிராஜன் இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தார். அவள் குனிந்து, வாய்க்கு அகப்பட்ட முன்னங்கையில் பற்கள் அத்தனையும் பதியக் கடித்தாள்.

"கடி ஆத்தா" என்றார் அவர். "நல்லாக் கடி. மாமன்தான்."

பத்தர் கண்ணிமைக்கும் பொழுதில் ஊசியைச் செலுத்தி, கம்மலைத் திருகினார். பெண்கள் குலவையிட்டனர். ராஜாராம் தன் போனை உயர்த்திப் படம் எடுத்தான். எடுத்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கண்ணத் தொடச்சுக்கிருங்க, இன்னொண்ணு எடுக்குறேன்" என்றான்.

குழந்தையின் அழுகை விம்மலாயிற்று, விம்மல் விக்கலாயிற்று. வாங்கிக்கொள்ள சந்திரவல்லி கை நீட்டினாள். முத்துப்பிரியா போகவில்லை. தன் காதைக் குத்தியவர்களும் அதற்குக் கூட நின்றவர்களும் சுற்றிலும் நின்றார்கள். கடிபட்டுக்கொண்டும் விடாமல் வைத்திருந்தவர் ஒருவர்தான். அவள் சந்தனத் தலையை மாமனின் சேற்றுத் தோளில் புதைத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சந்திரவல்லி அண்ணனின் காலருகே குந்தி, மஞ்சள்பொடியை எடுத்து அட்டை கடித்த இடங்களில் அழுத்தினாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கைய நீட்டு. அங்கயும் ரத்தம் வருது."

"கையில பிள்ள இருக்கா வல்லி."

"எறக்கி விடு. எல போட்டாச்சு, சோறு ஆறுது."

"அவ எறங்கட்டும்" என்றார் காசிராஜன்.